மக்கிப் போ, இராஜாங்கம்!

ட்ரிங்... ட்ரிங்...!

ரெமிஜியஸ் பாய்ந்து போய் ரிசீவரை எடுத்தார்.

குவைத்திலிருந்து மனைவியாகத்தான் இருக்கும்! நர்ஸ் வேலைக்குப் போனவள் பேசி எத்தனை வாரம் ஆயிற்று?

"பிரின்ஸி...?"

"இன்ஸ்பெக்டர் ஞானாம்பாள் பேசறேன் சார். உங்க வயலுக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துலதான் இருக்கேன். கொஞ்சம் வர்றீங்களா?"

ரிசீவரைப் பட்டென்று வைத்தார்.

அந்த வயலில்தான் இராஜாங்கம் கிடக்கிறான்!

இராஜாங்கம் அவருடைய பார்ட்னர். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி வந்த தொண்ணூறுகள் அல்லவா? இவர்களும் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு ஷெட் போட்டார்கள். பிளாஸ்டிக்கில் நெல் தவிட்டைக் கலந்து ஷீட் தயாரித்தார்கள். மண்ணில் புதைத்தால் கிருமிகள் மொத்தத்தையும் தின்று தீர்க்கும் என்பது ரெமிஜியஸின் கண்டுபிடிப்பு. ஒரு ஜெர்மன்காரன் வாங்குவதாக இருந்தான்.

"கிருமி தவிட்டத்தான் திங்குது. பிளாஸ்டிக்கத் தொடக்கூட இல்ல. ஜெர்மன்காரன்கிட்ட உள்ளதச் சொல்லிடப் போறேன்!" என்றான் இராஜாங்கம்.

ரெமிஜியஸின் கையில் ஸ்பானர் இருந்தது. ஒரே அடி!

அதே ஷீட்டில் சுற்றிப் புதைத்தார். பக்கத்தில் இடுகாடு. எலும்பு கிடைத்தால் எவனும் கேட்க மாட்டான். ஆனால் அந்த ஷீட்டைத் தயாரிக்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஷீட் மக்கினால் பிழைப்பார். மக்காவிட்டால்... தூக்குக் கயிறு!

"சிங்கப்பூர் போயிட்டான்" என்று ஊரில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஒருவர் கப்பலோ விமானமோ ஏறிய காலம். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

ஒரே சங்கடம்தான். மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு எதிரே இப்போது ஆளே இல்லை. கொன்றவரே அவனைத் தேடினார்! அழுதும் தொலைத்தார்.

வயலில் ஞானாம்பாள் காத்திருந்தாள். கான்ஸ்டபிள் துரைராசு கையில் மண்வெட்டி.

"இராஜாங்கத்தோட அக்கா வேதாரண்யத்துலேர்ந்து புகார் குடுத்திருக்காங்க. தம்பி போனே பண்ணலையாம்."

"எம் பொண்டாட்டியே பண்றதில்லீங்க மேடம்!"

அவள் சிரிக்கவில்லை.

"இந்த நெலத்த பிளாட் போட வித்துட்டீங்கள்ல?"

"ஆமாங்க. தை மாசம் ஒப்படைக்கணும்."

"அப்புறம் எதுக்கு சார் ஆட்டுக்கிடை மடக்கினீங்க?"



"எ... எருவுக்குத்தான்..."

"வீடு கட்டப் போற மண்ணுக்கு எருவா? நெல்லு வெளையறதுக்குக் கிடை மடக்குவாங்க. செங்கல்லு வெளையவா? அதுவும் இந்த மூலையில மட்டும் ஆட்டை அடைக்கச் சொன்னீங்களாமே... கிடைக்காரர் சொல்றாரு!"

ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் கிருமிகளுக்கு விருந்து. பிளாட்காரன் அஸ்திவாரம் தோண்டுவதற்குள் ஷீட் மக்கட்டும் என்று அவசரப்பட்டார் பாவம்!

"தோண்டுங்க மேடம்!" என்றார் திடீரென்று. ஷீட் மக்கியிருக்கும்... கட்டாயம் மக்கியிருக்கும்! அது அவருடைய ஆயுசு உழைப்பு.

துரைராசு வெட்டினான். குப்பென்று நாற்றம்!

"அம்மா... ஏதோ வலை மாதிரி வருது!"

தவிடு இருந்த இடமெல்லாம் பொத்தல். பிளாஸ்டிக் மட்டும் கொசுவலை போல முழுசாக மிச்சம் இருந்தது. உள்ளே இராஜாங்கம்!

ரெமிஜியஸ் குழியோரம் மண்டி போட்டார்.

"நீ சொன்னதுதான்டா சரி..." என்றார் இராஜாங்கத்திடம்.

துரைராசு விலங்கை மாட்டினான்.

"ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி யாருக்காவது தகவல் சொல்லணுமா சார்?" ஞானாம்பாள் கேட்டாள்.

ரெமிஜியஸ் குழியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே ஒருத்தன்தான் மேடம் இருந்தான்... அவனத்தான் இப்ப நீங்க தோண்டி எடுத்திருக்கீங்க!"