கண்ணாடியில் ஒட்டிய ஆட்கள்

ஜன்னலில் ஒட்டிய படத்தில், முடிதிருத்துகிறவரின் வாயில் ஒரு குமிழி நின்றது. வெர்னா ரப்பர் பட்டையால் அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினாள். சோப்புத் தண்ணீர் வாளியை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அதே இடத்தில், அதே மொச்சைக்கொட்டை அளவில், மறுபடி வந்து நின்றது.

லாரி, பேருந்து, கடைக் கண்ணாடி என்று இருபத்திரண்டு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் அவள். அடியில் காற்று சிக்குவது புதிதில்லை. தள்ளிய காற்று திரும்பி வந்து அதே உதட்டில் உட்காருவதுதான் புதிது. நான்காவது தடவை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினாள். அதற்குப் பிறகு வரவில்லை. கண்ணாடி வழவழவென்று இருந்தது.

பிப்ரவரி மாத ஞாயிறு, மதியம் தாண்டிய நேரம். மெயின் தெருவில் ஈ காக்கை இல்லை. ஆற்றிலிருந்து வந்த காற்று காலி வாகன நிறுத்தத்தின் சங்கிலிகளைக் கிணுகிணுக்க வைத்துவிட்டு, பழைய பாங்கு முனையில் திரும்பி, சாலைப் பனிக்குத் தூவிய உப்பும் டீசலும் கலந்த வாடையோடு அவள் கழுத்துக்குள் இறங்கியது. அந்தச் சங்கிலிகள் இருக்கும் இடத்தில்தான் நாலு மாடித் துணிக்கடை இருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் மால் வந்ததும் கடையை மூடினார்கள், பிறகு இடித்தார்கள், கார் நிறுத்த இடம் வேண்டுமென்றார்கள். கடையே இல்லாத ஊருக்கு எந்தக் கார் வரும்? வாரவாடகைக்கு அறை விட்ட பழைய ஹோட்டலில் எழுபது பேர் இருந்தார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டு இப்போது அதில் சொகுசு வீடுகள், நாய் குளிப்பாட்டத் தனி அறை. பேருந்து நிறுத்த பெஞ்சுக்கு நடுவில் இரும்புத் தடுப்பு, யாரும் படுத்துவிடக் கூடாதாம். மனிதனுக்கு முதுகு சாய்க்க இடம் தராத ஊர், நாய்க்கு வெந்நீர் போட்டு வைத்திருக்கிறது.

நாளை ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் தலைமை அலுவலகத்துக்கு இடம் பார்க்க வருகிறார்கள். காலிக் கடைகளைக் காட்ட வெட்கமாக இருக்கிறது என்று நகரமையக் குழு ஒரு யோசனை செய்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு கடையின் படம், உள்ளே ஆளுயரத்தில் சிரிக்கிற மனிதர்கள். பிணத்துக்குப் பவுடர் பூசுகிற வேலைதான். வாடகை கட்ட வேண்டியிருந்ததால் வெர்னா ஒப்புக்கொண்டாள். இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தெருவிலேயே நின்று வேலை செய்தால் தம்பியைத் தேடலாம்.

கர்டிஸ் அந்த ஹோட்டலில் ஒன்பது வருடம் இருந்தவன். கிளப்பிய பிறகு அக்காவின் ஒற்றை அறையில் ஒரு மாதம் தங்கி, அவளுக்குப் பாரமாக இருக்க மாட்டேனென்று வீம்பாகக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். பதினொரு நாளாக ஆளைக் காணோம். கடைசியாக யாரிடமோ போன் வாங்கிப் பேசினான்.

"அக்கா, இங்க ஏதோ போட்டோ எடுக்கிறாங்க. ஒரு தாள்ல கையெழுத்து போட்டா சூப்பு, புதுச் சட்டை, எல்லாம் ஓசி."

"எதுக்குடா உன்னைப் போய் போட்டோ எடுக்கணும்?"

"என் மூஞ்சிய சினிமாவுக்கா கேக்கறாங்க? நான் சூப்புக்குப் போறேன், விடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

வெர்னா தெருவைக் கடந்து பூக்கடைப் படத்தைப் பிரித்தாள். புது பிளாஸ்டிக்குக்கு ஒரு புளித்த வாடை உண்டு. இதில் வேறு வாடை வந்தது. நெஞ்சில் தேய்க்கிற தைலமும் புதினா சிகரெட்டும் சேர்ந்த வாடை. ஓரங்களைச் சரிபார்த்து, தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழே ரப்பரை இழுத்து முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

முத்துத் தோடு. சுருட்டிவிட்ட முடி. கை நிறைய மஞ்சள் பூ. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு.

ஓப்பல். பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டியோடு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஓப்பல். வெர்னா கையுறையோடு நடந்து போனால், "பாருங்கடி, ராணியம்மா நகர்வலம் வர்றா!" என்று கூவுகிறவள். பல்லைக் காட்டிச் சிரித்து அவளை ஒருவரும் பார்த்ததில்லை.

சிரித்த வாயில் குமிழி எழுந்தது.

கை பழக்கத்தில் ரப்பரை வைத்தது. அடியில் ஏதோ எதிர்த்துத் தள்ளியது. வெர்னா கையுறையைக் கழற்றி விரலை வைத்தாள். கை விறைக்கும் குளிரில் அந்த ஒரு இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே வந்தது. இறங்கியது. மேலே வந்தது. இறங்கியது. கண்ணாடியின் உள்பக்கத்தில், பூட்டிக் கிடந்த காலிக் கடைக்குள், அந்த வாய்க்குப் பின்னால் வட்டமாகப் பனி படிந்தது.

மூச்சு.

ரப்பர் கீழே விழுந்தது. வெர்னா எதிர்ப்பக்கம் ஓடினாள். முடிதிருத்துகிறவரின் உதட்டில் கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. வழவழவென்று இருந்தது. அவள் கட்டைவிரலால் முப்பது எண்ணிய இடம்.

நேற்று ஒட்டியவை பதினொரு ஜன்னல்கள். ரொட்டிக்கடை, தையற்கடை, பொம்மைக்கடை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாம் ஜில். எதிலும் ஒரு குமிழி இல்லை. வெர்னாவைப் போல் சுத்தமாக ஒட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். வாந்தி வந்தது. வாகன நிறுத்தத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

மிச்சம் இருந்தது காபிக்கடை. உயரமான ஜன்னல், படம் மூன்று துண்டு. கீழ்த் துண்டையும் நடுத் துண்டையும் காலையிலேயே ஒட்டியிருந்தாள். தலை வரும் மேல்துண்டுக்கு ஏணி வேண்டும். குழுவிலிருந்து ட்ரென்ட் என்ற பையன் ஐந்து மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்.

ஒட்டுகிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை, ஓரத்தையும் இணைப்பையும்தான் பார்ப்பார்கள். காலையில் அவளும் அப்படித்தான் ஒட்டினாள். இப்போது பார்த்தாள். பளபளக்கும் செருப்பு. பச்சை மேலங்கி. வெள்ளைச் சட்டைக் கை. இடது கைச் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. தம்பியின் பாதி விரலை இரும்புத் தகடு அடிக்கும் எந்திரம் கொண்டுபோய் முப்பது வருடம் ஆகிறது.

காலையில் அந்தக் கை ஒரு கோப்பையைப் பிடித்திருந்தது. இப்போது கோப்பை இல்லை. கை கண்ணாடியில் விரிந்து கிடந்தது. நகங்கள் நீலம்.

கழுத்துக்கு மேல் வெறும் கண்ணாடி.

"என்ன வெர்னா, இன்னும் மேல்துண்டு ஒட்டலையா?" ட்ரென்ட் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் சூடான காபி வேறு.

"என் தம்பி எங்க?"

"யாரு?"

"கர்டிஸ். அந்தக் கையைப் பாரு. எங்கடா என் தம்பி?"

அவன் பார்த்தான். அதிரவில்லை. "ஓ, கர்டிஸா? தங்கமான மனுஷன். சூப்பு ரெண்டு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சார்."

"எங்கன்னு கேட்டேன்."

"இதோ, மெயின் தெருவுலதான் இருக்கார். போன வருஷம் நகர்மன்றத்துல மைக்கைப் பிடிச்சுக் கத்தினது நீங்கதானே? இவங்களைத் துரத்தாதீங்க, இது அவங்க ஊரும்தான்னு? நாங்க காது குடுத்துக் கேட்டோம் வெர்னா. ஒருத்தரைக்கூட துரத்தலை."

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். காபி இரண்டு பேர் மேலும் கொட்டியது. "வெளிய எடு அவனை! இப்பவே எடு!"

"எடுக்க எனக்குத் தெரியாதே. ஒட்டினது நீங்க." காலரை மெதுவாக விடுவித்துக்கொண்டான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். "நேரத்தை வீணாக்காதீங்க. மேல்துண்டு இல்லாம மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவார்?"

கண்ணாடியில் விரல்கள் சுருங்கின. விரிந்தன. சுருங்கின.

வெர்னா ஏணியில் ஏறினாள். மேல்துண்டுச் சுருள் குளிரில் விறைத்திருந்தது. வாயால் ஊதிச் சூடாக்கினாள். தண்ணீர் தெளித்தாள். கீழிருந்து மேலாக உள்ளங்கையாலேயே நீவினாள். கழுத்து இணைப்பு ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது. தாடை. வாய். மூக்கு. கண். கர்டிஸ். பல் கட்டிவிட்டிருந்தார்கள். முடி வெட்டிவிட்டிருந்தார்கள். அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மூச்சு வரவில்லை.

"டேய். டேய் கர்டிஸ்."

உதட்டில் குமிழி எழுந்தது. பெரியதாக, கைமுட்டி அளவுக்கு. இறங்கியது. மறுபடி எழுந்தது. நகங்களின் நீலம் கரைந்தது. வெர்னா கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதாள்.

ட்ரென்ட் கைதட்டினான். "பிரமாதம். காலையில ஏழு மணிக்குள்ள அந்தக் குமிழியை மட்டும் எடுத்துடுங்க. இல்லேன்னா வேற ஆள் வந்து எடுப்பாங்க." கார்க் கதவு சாத்திய சத்தம். தெரு நெடுக ஜன்னல்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. மெயின் தெரு நாற்பது வருடத்தில் இவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை.

அவள் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பினாள். வெள்ளைச் சட்டை கொஞ்சம் கிழிந்தது. கிழிசலில் சிவப்பு ஊறியது. கையை எடுத்துவிட்டாள்.

குமிழியை உடைக்க ஊசி வைத்திருப்பாள். எடுத்து, உதட்டில், நுனியால் மட்டும் குத்தினாள். சூப்பு வாசனையோடு வெதுவெதுப்பான காற்று வந்தது. காற்றோடு குரல்.

"அக்கா."

"இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்."

"கண்ணை மூட முடியலக்கா. சிரிப்ப நிறுத்த முடியல."

"ஏதாவது பண்றேன். நான் பாத்துக்கறேன்டா."

"ஓப்பலுக்கும் முடியல. கத்துறா. உனக்குக் கேக்கலையா?"

தெருவில் காற்று மட்டும் கேட்டது.

"இந்தச் சிரிப்போட நாளைக்கு வர்றவனுங்க முன்னால நிக்க மாட்டேன்க்கா. அமுக்கிடு."

"வாய மூடு."

"உன்னை மாதிரி யாருக்கும் வராது. அமுக்கிடுக்கா."

பூக்கடை வாசலுக்கு நடந்துபோய்க் கீழே கிடந்த ரப்பரை எடுத்து வந்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏணியின் மேல் நின்றாள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் ஸ்டிக்கருக்கு அடியில் கோடாக இறங்கியது.

வாய்மேல் ரப்பரை வைத்தாள்.

அடியில் மூச்சு ஏறியது. ரப்பரைத் தூக்கியது. இறங்கியது.

அழுத்தினாள்.

ஏறியது.