கோபிக்கு ஒரு தட்டு

யாங்கோனில், அலோன் துறைமுகத்துப் பழைய கிடங்கு ஒன்றைச் சிப்பிக் கடையாக்கியிருந்தார்கள். தலைக்கு ஒரே விலை. வயிறு போதும் என்கிறவரை தின்னலாம். தட்டு காலியானால் உடனே அடுத்த தட்டு வரும். "பொறந்த நாளும் அதுவுமா வீட்டுல உக்காந்து அழுவாத, தமிழு" என்று என் வீட்டுக்காரர் உதயசூரியன்தான் மத்தியானம் இழுத்துக்கொண்டு வந்தார்.

பிறந்த நாள் எங்கள் மகன் கோபிக்கு. பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று பயந்து மலேசியாவுக்குப் படகேறியவன். படகும் போய்ச் சேரவில்லை, உடலும் கரைக்கு வரவில்லை. பபேடான் பேட்டைக் கோயிலில் பார்ப்பவர்களெல்லாம் கருமாதியைச் செய்துவிடு என்றார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவளாவது படையல் போடுவாளா? மாட்டவே மாட்டேன் என்றேன். என் பிடிவாதத்தில்தான் அவன் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தட்டு வந்தது. ஐஸின் மேல் சிப்பிகள், எலுமிச்சை, அரைத்த பச்சை மிளகாய். அவர் சிலவற்றை வேறு தட்டில் எடுத்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"அவன் பங்கு" என்று சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அமாவாசைக்கு அமாவாசை செத்துப்போன அப்பா அம்மாவுக்குப் படையல் போட்டுப் பழகிய கை. தம்ளரில் விரலை நனைத்து, தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்டுவிட்டது.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

அவர் தன் விரலையே பார்த்தார்.

அப்போது கரண்ட் போனது.

ஜன்னலே இல்லாத கிடங்கு. ஜெனரேட்டரோடு யாரோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டீசல் வாடைக்கு முன்னால் சேற்று வாடை வந்தது. எதிர் நாற்காலி மெல்ல நகர்ந்தது.

உறிஞ்சும் சத்தம்.

கோபி அப்படித்தான் சாப்பிடுவான். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

"நீங்களா சாப்பிடுறீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்ல தமிழு."

விளக்கு வந்தபோது அந்தத் தட்டில் வெறும் ஓடுகள். நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. படையலைத் தின்ன உயிருள்ளவன் வரமாட்டான். இத்தனை நாள் விடாமல் பிடித்து வைத்திருந்த பிள்ளை அந்த நிமிடத்தில்தான் எனக்குச் செத்தான்.

கடைக்காரப் பெண் ஒரு பர்மியப் பிள்ளை. தன் வழக்கப்படி ஓடுகளை எடுத்துக்கொண்டு நிறைந்த தட்டை வைத்தாள்.

மறுபடி உறிஞ்சல். இந்த முறை வெளிச்சத்திலேயே.

வீட்டுப் படையலுக்கு ஓர் அளவு உண்டு. ஒரு இலை முடிந்தால் வந்தவர் எழுந்து போய்விடுவார். இங்கே இலை முடிவதே இல்லை.

"போதும்பா கோபி. எந்திரிப்பா."

நாங்கள்தான் எழுந்தோம். அவர் என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பெண் இன்னொரு தட்டோடு எங்கள் மேசைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, பர்மியில் கெஞ்சினேன்.

"வேணாம்மா, இனிமே வைக்காத."

அவள் குழம்பிப்போய் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி இன்னும் பசிக்குதுன்னு சொல்றாரே, அன்ட்டி?"