பயப்படத் தெரிந்த பேசி

நெடும்பேசி மறுபடியும் தூங்கிவிட்டது.

"வெளி வெப்பம் நாற்பத்தேழு பாகை. காற்றில் உப்பு மிகுதி. கருவியின் நலன் கருதிக் காப்புறக்கம் தொடங்குகிறது. நிழலான இடத்தில் மென்மையாக வைக்கவும். நன்றி" என்று அது தேன் ஒழுகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியபோது, சந்தனமாரியின் காலடியில் அவளுடைய மதினி ஜெயக்கொடி உப்புப் பாத்தி வரப்பில் மல்லாந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நெற்றி தோசைக்கல்லாய்ச் சுட்டது. வியர்வை நின்றுபோயிருந்தது.

உப்பளத்தில் இருபது கோடை பார்த்தவளுக்கு, வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏ மூதி, முழி!" என்று பேசியைப் பிடித்து உலுக்கினாள். "ஆம்புலன்சுக்கு ஒரே ஒரு போன். அதைப் போட்டுட்டு அப்புறம் தூங்கித் தொலை!"

திரை கறுப்பாகவே இருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கூடியது. அவள் அதை முரட்டுத்தனமாகக் கையாண்டாள் என்று அது தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

மற்ற பெண்கள் தலைக்கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கங்காணி பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். தார் ரோடு ஆறு கிலோமீட்டர்.

"கொட்டகையில பதினோரு போன் கெடக்கு. ஒண்ணாவது முழிச்சிருக்கா பாருங்கட்டி!"

பேச்சிக்கனி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கூட்டத்தில் சின்னவள் அவள்தான். "எல்லாச் சவமும் தூங்குதுக்கா!"

சந்தனமாரிக்கு வயிறு எரிந்தது. இந்த இழவில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதுதான் எரிச்சலிலேயே பெரிய எரிச்சல்.

நான்கு வருடத்துக்கு முன், முப்பதாண்டுச் சட்டம் வருவதற்காக ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்கள். ஒரு பேசி முப்பது வருடம் உழைக்க வேண்டும், அதற்குள் செத்தால் விற்றவனே புதிது தர வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடிக் கூட்டத்தில் அளத்துக்காரர்கள் சார்பில் மைக்கைப் பிடித்தவள் சந்தனமாரி. "உங்களுக்கு எப்படிப்பட்ட போன் வேணும்?" என்று கேட்டார்கள். உப்பு தின்னாத போன் வேண்டும், வெயில் தின்னாத போன் வேண்டும் என்று அடுக்கிவிட்டு, கைதட்டல் தந்த தெம்பில் கடைசியாக ஒன்று சொன்னாள்: "நாங்க அழிஞ்சாலும் அது அழியக் கூடாது!"

அது வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அளத்தில் மண்வெட்டியை உப்பு ஒரே பருவத்தில் தின்றுவிடும். வாளியின் அடியைத் தின்னும், சைக்கிள் கம்பியைத் தின்னும். உப்பு தின்னாத மண்வெட்டி என்றால் வெட்டுகிற மண்வெட்டி என்றுதான் அங்கே பொருள். தின்னப்படாமலும் இருந்துகொண்டு, வெட்டாமலும் இருக்கிற மண்வெட்டியை எந்த அளத்துக்காரி கண்டாள்?

நிறுவனத்துப் பொறியாளர்கள் கண்டார்கள். முப்பது வருடம் உழைக்கும் பேசியைச் செய்வது கஷ்டம். முப்பது வருடம் பத்திரமாக இருக்கும் பேசியைச் செய்வது சுலபம். அதற்குப் பயப்படக் கற்றுக்கொடுத்தால் போதும். வெப்பமானியும் உப்புணரியும் வைத்தார்கள். ஆபத்து என்று தோன்றினால் அது மின்கலத்தை மூடிக்கொண்டு காப்புறக்கத்துக்குப் போய்விடும். ஒரு அழைப்பு போட்டாலும் மின்கலம் சூடாகுமாம், அதனால் அவசர அழைப்பும் கிடையாது. குளிரூட்டிய அறையில் இருப்பவர்களின் நெடும்பேசி ஒரு நாளும் தூங்கியதில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்களின் பேசி, வேலை நேரம் முழுக்கத் தூங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இதில் கொடுமை, அந்தக் குரங்கின் விளம்பரத்தில் இன்றைக்கும் சந்தனமாரியின் முகம்தான் வருகிறது. "நாங்க அழிஞ்சாலும் அது அழியக் கூடாது!"

ஜெயக்கொடியின் வாய் கோணியது. ஏதோ முனகினாள். குடத்தில் இருந்த குடிதண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். அதுவும் வெந்நீராகக் கொதித்தது.

"அழிஞ்சிருவா போலிருக்கேட்டி!" என்று கத்தினாள் சந்தனமாரி. யாரிடம் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் இருந்தது பேசிதான். "நீ மட்டும் நல்லாயிரு!" என்று அதைத் தூக்கி, பக்கத்துப் பாத்தியில் கெட்டியாய் நின்ற உப்புநீரில் ஓங்கி எறிந்தாள்.

பேசி அலறியது.

தூங்கிக்கொண்டிருந்த பேசி, ஒரு அழைப்புக்குக்கூட உயிரில்லாத பேசி, அளமே அதிர அலறியது. "ஆபத்து! அடர் உப்புநீரில் மூழ்கல்! இருபது நிமிடத்தில் மூட்டுகள் அரிக்கப்படும்! மீட்பூர்தி அழைக்கப்பட்டுவிட்டது. ஒன்பது நிமிடத்தில் வந்தடையும். கருவியின் அருகில் இருந்து அதற்குத் தைரியம் அளிக்கவும்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கத்த மட்டும் உசிரு இருக்கோ உனக்கு?" என்று பல்லைக் கடித்தாள் சந்தனமாரி.

சொன்ன சொல் தவறாமல் ஒன்பதாவது நிமிடம் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. நான்கு விசிறிகளோடு ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பறக்கும் பெட்டி. பாத்தி ஓரத்தில் இறங்கி, தானாகவே ஒரு குடையை விரித்தது. வயிற்றைத் திறந்தது. உள்ளே கழுவுவதற்கு நல்ல தண்ணீர், குளிர்காற்று ஊதி, வரிசையாக ஆறு பனிப்பட்டைகள். எல்லாம் ஒரு உள்ளங்கை அகலப் பேசிக்காக. புதுப் பேசி கொடுப்பதைவிட இது நிறுவனத்துக்கு லாபம்.

சந்தனமாரி ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு பாய்ந்து பனிப்பட்டைகளை அள்ளினாள். மதினியின் கழுத்தில் இரண்டு, அக்குளில் இரண்டு, தொடையிடுக்கில் இரண்டு.

"இவை கருவிக்கானவை" என்றது ஊர்தி. "தயவுசெய்து கருவிக்குப் பயன்படுத்தவும்."

"உன் கருவி நாசமாப் போவ! ஏ பேச்சிக்கனி, என்னட்டி பாத்துக்கிட்டு நிக்கே? உன் போனையும் தூக்கிப் போடு!"

பேச்சிக்கனி கொட்டகைக்கு ஓடி எடுத்துவந்து போட்டாள். அடுத்தடுத்து மூன்று பேர் போட்டார்கள். பாத்தி முழுக்கப் பேசிகள் குழந்தைகள்போல வீறிட்டன. வானத்தில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. நான்கு குடைகள், நான்கு குளிர்காற்று, இருபத்து நான்கு பனிப்பட்டைகள். பேசிகளைக் கழுவ வந்த நல்ல தண்ணீரில் ஜெயக்கொடியை நனைத்தார்கள். அரைமணி நேரத்தில் அவள் கண் திறந்து, "ஏன் எல்லாரும் அழுதீங்க?" என்று கேட்டாள். அவள் காதில் விழுந்தது பேசிகளின் வீறிடல்.

ஊர்தி உப்புநீரில் இருந்து எடுத்துக் குடை நிழலில் வைத்த சந்தனமாரியின் பேசி, குளிர்ந்து அப்போதுதான் விழித்தது. ஆம்புலன்சை அழைக்க முடிந்தது. அது வந்து சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. வரும்வரை பேசி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது: "உங்கள் மீட்பு அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

சேதி காற்றாய்ப் பரவியது. பக்கத்து அளங்களில் யாராவது மயங்கினால் பேசியைப் பாத்தியில் அமுக்கினார்கள். செங்கல் சூளையில் பேசியைச் சூளை வாயில் காட்டினார்கள். ரோடு போடுகிறவர்கள் தார் டின்னுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அந்தக் கோடையில் மீட்பூர்திகள் காப்பாற்றிய பேசிகள் எத்தனையோ ஆயிரம். பக்கத்திலேயே கிடந்து பிழைத்த மனிதர்களின் கணக்கு நிறுவனத்திடம் இல்லை. அதைக் குறிக்க அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை.

ஐப்பசியில் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். அதே மண்டபம், அதே மைக். நிறுவனத்தின் சார்பில் வந்தவள் பெயர் சுடரொளி. மரியாதை தெரிந்த பெண். மேடையில் இருந்து இறங்கி வந்து சந்தனமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தப்பு எங்க மேலதான். உங்க கோபம் எங்களுக்குப் புரிஞ்சுது. புது நெடும்பேசி கொண்டுவந்திருக்கோம். இதுக்குப் பயமே கிடையாது. காப்புறக்கம் கிடையாது. உப்புத்தண்ணில ஊறப்போடுங்க, அடுப்புல வைங்க, வேலை செய்யும். பழசைக் கொடுத்துட்டு இதைச் சும்மாவே எடுத்துக்கலாம்."

அங்கேயே ஒரு அண்டா உப்புநீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் போட்டு, உள்ளே இருந்தே ஒருவருக்கு அழைப்புப் போட்டுக் காட்டினார்கள். மண்டபம் அதிரக் கைதட்டியது. சந்தனமாரியும் தட்டினாள். ஒருவழியாகக் கேட்டது கிடைத்தது என்று நினைத்தாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றது.

"அப்போ அந்தப் பறவை வருமா?"

"எந்தப் பறவைம்மா?"

"அதான், பெட்டி. ஐஸ் கொண்டு வருமே."

சுடரொளி சிரித்தாள். "அதுக்கு இனிமே தேவையே இல்லையேம்மா. போனுக்குத்தான் ஆபத்தே வராதே."

"எங்களுக்கு வரும்லா?"

"நீங்க ஆம்புலன்சைக் கூப்பிடலாம். போன்தான் எப்பவும் முழிச்சிருக்குமே."

"கூப்பிட்டா ஒரு மணி நேரம் கழிச்சு வாரான்! போனு கத்துனா ஒம்பது நிமிசத்துல வாரீக! அந்த ஒம்பது நிமிசத்தை எனக்குத் தாங்க. போனை நீங்களே வச்சுக்கோங்க!"

சுடரொளியின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அம்மா, நாங்க போன் கம்பெனி. நீங்க கேட்டது நல்ல போன். கொடுத்துட்டோம். ஆம்புலன்ஸ் எங்க துறை இல்லையே."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் சந்தனமாரியின் உடம்பெல்லாம் பற்றி எரிய வைத்தது. இரண்டு முறை மைக் கொடுத்து, எப்படிப்பட்ட போன் வேண்டும் என்று கேட்டார்கள். நீ விழுந்தால் யார் வர வேண்டும் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. அவளும் தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மாற்றித் தரும் இடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஜெயக்கொடிகூட மாற்றிக்கொண்டாள். "வேலைக்கு நடுவுல பேத்தி மூஞ்சிய ஒருக்கா பாக்கலாம்லாட்டி" என்றாள். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? சந்தனமாரி மட்டும் மாற்றவில்லை. பழையதற்கு முப்பது வருடம் முடியும்வரை அந்தப் பெட்டி வந்தாக வேண்டும். பழையதைக் கொட்டகைத் தூணில் ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள்.

"அதை வச்சு என்ன செய்யப் போற? பகல்ல தூங்குத போனு!" என்றார் கங்காணி.

"தூங்கட்டும். உங்களுக்கென்ன?"

அடுத்த சித்திரை. நாற்பத்தொன்பது பாகை. பதினொன்றரை மணிக்குப் பேச்சிக்கனி கூடையோடு சரிந்தாள். இரண்டு மாதம் முன்னால்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

ஜெயக்கொடி மடியில் இருந்து புதுப் பேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவு. வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். திரையில் வரைபடம் வந்தது. அதில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்தது. கீழே எழுத்து: ஒரு மணி ஐந்து நிமிடம். பத்துப் பேரும் தங்கள் தங்கள் பேசியிலும் அழைத்துப் பார்த்தார்கள். எல்லாம் வேலை செய்தன. பத்துத் திரையிலும் அதே நீலப் புள்ளி, அதே ஒரு மணி ஐந்து நிமிடம்.

பேச்சிக்கனியின் வியர்வை நின்றுவிட்டது.

சந்தனமாரி கொட்டகைக்கு ஓடினாள். பையோடு பிடுங்கிக்கொண்டு வந்து, பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு, பழைய பேசியை உப்புநீருக்குள் அமுக்கினாள். அது உடனே கத்தவில்லை. "கத்து" என்றாள். "கத்துடா!" இரண்டு கையாலும் அடிவரை அழுத்தினாள். உப்பு வெடிப்பு விழுந்த விரல்களில் நீர் தீயாய்க் காந்தியது.

அது அலறியது. ஒன்பது நிமிடம் என்றது.

பத்துப் பெண்கள், அழியாத பேசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வடக்கு வானத்தைப் பார்த்து நின்றார்கள். யாரும் கேலி செய்யவில்லை. ஜெயக்கொடி முந்தானையால் பேச்சிக்கனிக்கு விசிறிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேள, நீயாவது மாத்தாம வச்சிருந்த."

சந்தனமாரி தண்ணீருக்குள் இருந்து கையை எடுக்கவில்லை.

"நமக்கு ஒண்ணுன்னா எவன் பயப்படுதான், மதினி? நமக்குப் பதிலா பயப்பட இது ஒண்ணாவது இருக்கட்டும்."