நாற்பத்தோராம் சோதனையின் சாட்சி

நாற்பத்தோராம் சோதனையை றொபின் இன்னும் செய்யவில்லை. ஆனால் சாட்சியின் கையொப்பம் விழுந்திருந்தது. கொலின்ஸ், பகல் 12.04.

கூட வேலை செய்த கொலின்ஸை அச்சுவேலிச் சேமக்காலையில் அடக்கம் செய்து இரண்டு மாதமாகிறது. உயிரோடிருந்த காலத்தில் அவன் ஒருநாளும் இவ்வளவு நேரத்தோடு வேலை முடித்ததில்லை.

அவர்களுடைய மென்பொருளுக்கு ஒரே வேலைதான். வார்டில் நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப்பையும் தாதியின் மேசையிலுள்ள மணியையும் அது இணைக்கவேண்டும். நாடி நின்றால் மணி அடிக்கும். அடித்ததென்று அனுமதி தரும் அதிகாரிகளுக்குக் காட்ட, ஒவ்வொரு சோதனைப் பதிவிலும் செய்தவர் ஒருவர், கண்டவர் ஒருவர் என இரண்டு பெயர் வேண்டும். மிஞ்சியிருந்தவர்கள் றொபினும் சிவகௌரி அக்காவும்தான். அக்கா முதலாளி, முதலாளி சாட்சியாகக்கூடாது. ஆகவே கொலின்ஸின் கடவுச்சொல் மட்டும், றொபினின் கையால், இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

நாடி நின்றால் மணி அடிக்கிறதா என்று பார்ப்பதுதான் நாற்பத்தோராவது. போன முறையும் இந்தச் சோதனையை ஒருவரும் செய்யவில்லை. றொபின் 'தேறியது' என்று அடித்தான். கொலின்ஸ் தேத்தண்ணி குடித்தபடி சாட்சியாக ஒப்பமிட்டான். அந்தப் பதிப்புத்தான் பரீட்சார்த்தமாக ஒரு வார்டுக்குப் போனது. டெங்கு கண்டு கொலின்ஸ் படுத்ததும் அதே வார்டில். மணி அடிக்கவில்லை. காய்ச்சல்தான் கொண்டுபோனது என்று எல்லோரும் சொன்னார்கள். றொபினும் சொன்னான்.

இன்றைய ஒப்பத்தை றொபின் வைக்கவில்லை. அக்காவுக்கு அழைப்பெடுத்தான்.

"கொலின்ஸின்ரை பேரிலை நீங்களோ ஒப்பம் வைச்சனீங்கள்?"

"எனக்கென்ன விசரே? நான் அதிகாரியளுக்கு முன்னாலை குந்தியிருக்கிறன். ஒரு மணிக்குள்ளை பதிவு வராட்டி கடையைப் பூட்டவேண்டியதுதான். வந்தால் பன்ரண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்."

"நாப்பத்தொண்டு செய்யேல்லை அக்கா. ஒருக்காச் செய்து பாக்கட்டே?"

"செய்து பிழையாய்ப் போனால்? 'தேறியது' எண்டு அடியடா. செத்தவன் மாட்டன் எண்டே சொல்லப்போறான்?"

றொபின் அடித்தான்.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டரின் இரைச்சலும், உச்சி வெயிலில் பனையோலைகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பும், கிணற்றடியில் யாரோ வாளி வைக்கும் ஓசையும் ஒவ்வொன்றாக விலகிப்போக, சாத்திய அறைக்குள் டெற்றோலும் காய்ச்சல் வியர்வையும் கலந்த மணம் மெல்ல மெல்ல ஊறி நிறைந்தது.

திரையில் 'தேறியது' அழிந்தது. பெயர்கள் இடம் மாறியிருந்தன.

செய்தவர்: கொலின்ஸ். சாட்சி: றொபின்.

அதன் கீழே எழுத்துகள் தாமாக விழத் தொடங்கின. படி ஒன்று: கிளிப் விரலில் மாட்டப்பட்டது. படி இரண்டு: நாடி 64.

கிளிப் கிடந்த சோதனை மேசை அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. அவன் திரும்பவில்லை.

58.

பதிவை அழிக்கப் பார்த்தான். 'சான்றை அழிக்க முடியாது. திருத்தத்துக்குக் காரணம் எழுதுக.' அந்த விதியை நிரலில் எழுதியவனே அவன்தான். காரணத்தை அடித்தான்: நாங்கள் செய்து பார்க்கவில்லை.

'காரணம் ஏற்கப்பட்டது. சோதனை தொடர்கிறது.'

41.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. நீளமாக ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

"கொலின்ஸ்... மச்சான்..."

23.

சோதனைக்கான மணி அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொத்தானை அமத்தினான். சத்தமில்லை. மீண்டும் அமத்தினான். குத்தினான். சத்தமில்லை.

9.

மூச்சு வரவில்லை.

0.

படி மூன்று: மணிக்காகக் காத்திருத்தல்.

பத்து விநாடி. இருபது. அறுபது. அதன் பிறகு ஒரேயொரு வரி. 'சாட்சி திரும்பிப் பார்த்து உறுதிசெய்க.'

றொபின் திரும்பினான்.

மேசையில் ஒருவருமில்லை. கிளிப்பின் வாய் மட்டும், ஒரு விரலின் பருமனுக்கு, மூடாமல் நின்றது. அதன் கீழே கிடந்த பஞ்சு விரிப்பு, ஒரு கையின் பாரத்தில் பள்ளமாகியிருந்தது. பள்ளம் இன்னும் அமிழ்ந்துகொண்டிருந்தது.