மூன்று கருகிய குச்சிகள்

கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குற்றத்தை மறைக்கிறார்கள் என்பது சாத்தூர் வாடகை சைக்கிள் கடை சீனிச்சாமியின் நம்பிக்கை. சைக்கிள் மணி காணாமல் போகிற விஷயத்தில் அது பெரும்பாலும் பலித்தும் வந்தது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு உள்ளங்கையும் வெள்ளி பூசியதுபோல் மின்ன ஒரு பெண் வந்து நின்றதும், அவர் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவள் தேடி வந்தது அவரை அல்ல. கடைக்குள் பெஞ்சில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள் சோலைச்சாமியை.

பெயர் மாடத்தி. தாயில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பயராபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், மத்தாப்புக்கு மருந்து முக்குகிற வேலை. கையிலிருப்பது எத்தனை கழுவினாலும் போகாத அலுமினியத் தூள். வெள்ளிக்கிழமை பொழுது சாய, வேலை முடிந்து அவள் நடந்து வந்த பாதையில் செல்லப்பாண்டியின் வைக்கோல் படப்பு தீப்பிடித்து எரிந்தது. அவள்தான் வெடி வெடித்தாள், என் வீட்டு மச்சிலிருந்து கண்ணால் பார்த்தேன் என்கிறார் பஞ்சாயத்துத் தலைவர் கருப்பணன். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை.

"அபராதங்கூட கட்டிருவேன் ஏட்டையா. பலகையில பேரு ஏறிட்டா எந்த பயராபீசும் என்னைய உள்ள விடாது. சரக்கைக் களவாண்டு வந்து வெடிச்சவள்னு ஆயிரும்."

சொல்லிக்கொண்டே, சோலைச்சாமி கீழே போட்ட கருகிய குச்சியை எடுத்து, பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிவிட்டுப் போனாள். தடயத்தை அழிக்கிற கை என்று சீனிச்சாமி மனத்தில் குறித்துக்கொண்டார்.

என்ன பலகை என்பது அவள் விட்டுப்போன அச்சுத்தாளில் இருந்தது. 'பொதுஜன வாணவெடி உபயோக ஒழுங்குமுறை விதிகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதைவிடக் கொட்டை எழுத்தில் கருப்பணனின் பெயர். மொத்தம் பதினோரு விதிகள். மூன்றாவது, படப்புக்கும் கூரை வீட்டுக்கும் நூறு கஜத்துக்குள் எந்த வெடியும் கூடாது. ஏழாவது, கருகிய குச்சியைத் தெருவில் எறியலாகாது. பதினொன்றாவது, மீறுபவர் பெயர் பலகையின் அடியில் ஒரு வருஷம் எழுதி வைக்கப்படும். பின்பக்கம் திங்கட்கிழமை நிகழ்ச்சி நிரல்: ஒன்று, யூனியன் ஆணையாளர் அவர்களை வாணம் விட்டு வரவேற்றல், இரண்டு, மேற்படி விதிப் பலகையை அன்னார் திறந்துவைத்தல். பெரிய மனிதர்கள் வந்தால் வாணம் விடுவது வழக்கம்தானே என்று சீனிச்சாமி தாளை மடித்தார். சோலைச்சாமி அதை வாங்கி இன்னொரு தடவை படித்தார்.

இரண்டு சைக்கிளில் கிளம்பினார்கள். பாதி வழியில் சீனிச்சாமி வழக்கை முடித்துவிட்டார்; குற்றவாளி மாடத்தி. ஊருக்குள் நுழைந்ததும், முகம் சரியில்லாத செல்லப்பாண்டி என்று மாற்றிக்கொண்டார். ஆறு மாட்டுக்கும் ஒரு வருஷத் தீவனம் போன மனிதருக்கு முகம் எப்படிச் சரியாக இருக்கும் என்று சோலைச்சாமி கேட்டார்.

படப்பின் மேல்பாதி கரிக்குவியல். கீழ்ப்பாதி மஞ்சள் மாறாமல் நின்றது. முதலில் உச்சியில்தான் புகை கண்டது, ஊரே கிணற்றுத் தண்ணீரை வாரி இறைத்ததால் அடி தப்பியது என்றார் செல்லப்பாண்டி. அடியில், அந்த மஞ்சள் வைக்கோலை ஒட்டி, சிவப்பு வெடிக் காகிதம் சிதறிக் கிடந்தது. சீனிச்சாமி மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு துண்டையும் ஆராய்ந்து, அது தாள்தான் என்று உறுதி செய்தார்.

கருப்பணன் வீட்டில் மோர் கிடைத்தது. கூடவே விதிகள் எழுதப்பட்ட வரலாறும் கிடைத்தது. படப்பின் அடியில் தாமே கண்டெடுத்த சாட்சியம் என்று ஒரு தீப்பெட்டியையும் காட்டினார். திறந்தால் புதுக் குச்சிகளோடு மூன்று கருகிய குச்சிகள்.

எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டு மச்சுக்கு ஏறினார் சோலைச்சாமி. கைப்பிடிச் சுவர் மூலையில் ஒரு சோடா பாட்டில். கழுத்தின் உட்புறம் கருத்திருந்தது. மதுவிலக்குக் காலத்தில் தலைவர் வீட்டு மச்சில் தனியாக ஒரு பாட்டில். சீனிச்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டிலை ஆழமாக மோந்தார், அடுக்கடுக்காகத் தும்மினார். சாராய நெடி இல்லை. கந்தக நெடி.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பலகை திரைக்குப் பின்னால் தயாராக நின்றது. விசாரணைக்கு முன்பே அதன் அடியில் மாடத்தியின் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள். ஆணையாளர் வருவதற்குள் வேலை முடிய வேண்டுமல்லவா.

உள்ளே, செல்லப்பாண்டியும் மாடத்தியும் ஊராரும் சூழ, கருப்பணன் மாலைக்கு வசதியாகக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். சோலைச்சாமி சுருட்டை எடுத்து, நெருப்பு இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். தலைவர் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கிழித்து, பற்றவைத்துக் கொடுத்து, குச்சியை உதறி அணைத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினார்.

மாடத்தி இரண்டு எட்டு பின்வாங்கினாள்.

"ஏன் தாயி, நீ எதுக்குப் பின்னால போறே?"

"சூடு ஆறாத குச்சியை மருந்துக் குச்சியோட போடுதாகளே ஏட்டையா. எங்கக்கா சண்முகத்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீசுல அப்படித்தான் கை வெந்துச்சு. எங்கள்ல ஒருத்தியும் அப்படிப் போட மாட்டா."

"தெருவில் போடக்கூடாது" என்றார் கருப்பணன் கம்பீரமாக. "விதி ஏழு. எழுதின நானே மீறலாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார். எல்லாருடைய பார்வையும் மேசை மேலிருந்த சாட்சியத் தீப்பெட்டியில் இருந்தது.

"இந்த ஊர்ல ஏழாம் விதிக்குக் கட்டுப்பட்டவர் நீங்க ஒருத்தர்தான் தலைவரே. அதுலதான் மாட்டிக்கிட்டீக" என்றார் சோலைச்சாமி.

பிறகு நிதானமாகச் சொன்னார். அடியில் வெடித்திருந்தால் அடி வைக்கோல் கருகியிருக்கும். படப்பு உச்சியில் பற்றியது என்றால் நெருப்பு வானத்திலிருந்து வந்திருக்கிறது. சோடா பாட்டிலில் வாணத்தை நட்டு விட்டவர் மச்சில் இருந்தவர். ஆணையாளர் முன்னால் வாணம் சரியாக ஏறுமா என்று வெள்ளிக்கிழமையே ஒத்திகை பார்த்திருக்கிறார். அது சரியாக ஏறி, தப்பாக இறங்கிவிட்டது. பாதையில் ஒரு பயராபீஸ் பெண் வந்தது வசதியாகப் போயிற்று. வெடிக் காகிதத்தைத் தூவி, அவசரத்தில் மடியிலிருந்த தீப்பெட்டியையே சாட்சியமாக்கிவிட்டார்.

"எனக்கு அப்பவே பாட்டில் மேல சந்தேகம்" என்றார் சீனிச்சாமி. அந்த மட்டில் அது உண்மை.

கருப்பணன் குரலைத் தாழ்த்தினார். "படப்புக்கு வேண்டியதை நான் பாத்துக்கிடுதேன். இம்புட்டையும் நமக்குள்ள வச்சுக்கிடுவோமே."

செல்லப்பாண்டி எழுந்து வாசல் திரைக்குப் பின்னால் போனார். ஒரு பெயரைத் துண்டால் அழுத்தித் துடைக்கிற சத்தமும், சுண்ணாம்புக் கட்டி நிதானமாகக் கீறுகிற சத்தமும் கேட்டன. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. வாணம் விட யாரும் முன்வரவில்லை.

ஆணையாளர் திரையை விலக்கினார். பதினோரு விதிகளையும் தாண்டிப்போய், கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தார்: "ஆர். கருப்பணன், பஞ்சாயத்துத் தலைவர்." பலகையை நன்கொடை கொடுத்தவர் போலிருக்கிறது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார். ஊரும் சேர்ந்து தட்டியது. மாலைக்கு நீட்டிய கழுத்தோடு நின்ற கருப்பணன், வேறு வழியில்லாமல், தாமும் தட்டினார்.

மாடத்தி மட்டும் தட்டவில்லை. அரை நாள் வேலையாவது பார்க்கலாமென்று பயராபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.