பிறவித்தாழ்

விடிந்ததும் ஜெசிந்தாவின் முதுகில் அடி விழும். கீழ்வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தில்தான் எழுந்து பல் தேய்த்தார்கள்.

கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்துத் தூக்கி, அவளைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தொம்மை வெளுத்து வாங்குவான். நெஞ்சுக்குள் பசையாய் ஒட்டிக்கிடக்கும் சளி இளகி வாய்க்கு வரும்வரை விடமாட்டான். பெண்டாட்டியை அடிக்காவிட்டால் குற்றவாளியாகிவிடும் புருஷன் இந்த ஊரிலேயே தான் ஒருவன்தான் என்பது அவன் வாடிக்கையாகச் சொல்லும் புகார்.

“ஏ மனுசா, மெதுவா. இது என்ன கோயில் முரசா?”

“முரசுன்னா தாளமாவது வரும். ஒன் முதுகுல சளிதான வருது. துப்பு.”

துப்பினாள். கிண்ணத்தைச் சாய்த்து நகைக்கடைக்காரர் மாதிரி உற்றுப் பார்த்தாள். “இன்னைக்கு நல்ல பிடிமானம். இத வச்சு ஒன் படகுல ஓட்டை அடைக்கலாம்.”

சன்னலுக்கு வெளியே தூத்துக்குடி இரண்டாம் மாடிவரை கடலுக்குள் நின்றது. கீழே அரசுப் படகு வந்து ஒலி எழுப்பியது. அதன் பக்கவாட்டில் ஜெசிந்தாவின் முகம், ஆள் உயரத்துக்கு. ஒட்டிய கன்னத்தைக் கணினியில் உப்பவைத்து, நீலம் பாய்ந்த உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள். அடியில், ‘நம் நகரின் பிறவித்தாழ்!’ அந்தப் படத்துக்கு ஒருநாள் தானே வணக்கம் போட்டுவிட்டதாகவும் அது பதிலுக்குக் கும்பிடவில்லை என்றும் அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

நம் குடலின் உட்சுவரில் ஒவ்வொரு செல்லுக்கும் பொடிப்பொடியாய் வாயில்கள் உண்டு. அயனி வாயில் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவற்றில் ஒன்று குளோரைடுக்கானது. அது அளவாகத் திறந்து குளோரைடை வெளியே விடும். அமைச்சரின் காருக்குப் பின்னால் ஓடும் பரிவாரம்போல் சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடல் வழவழப்பாக இருக்கும், தின்றது நகரும். கடல் ஊருக்குள் வந்தபின் பழைய காலராவிலிருந்து கிளைத்த உப்புக்கழிச்சல் கிருமி செய்தது ஒன்றே ஒன்றுதான். அதன் நஞ்சு அந்த வாயிலைத் திறந்து, மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. உடம்பின் தண்ணீரெல்லாம் வாளி வாளியாகக் கொட்டியது. காலையில் சிரித்துப் பேசியவரை மதியம் துணி சுற்றித் தூக்கினார்கள். உப்புநீர் ஏற்றினால் பிழைப்பார்கள். ஆனால் ஏற்றப் போன டாக்டரும் நர்சும், தெறித்த ஒரு துளி உதட்டில் பட்டு, அடுத்த கட்டிலில் விழுந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு அந்த வாயில் பிறவியிலேயே திறக்காது. பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கிருமி வந்து எவ்வளவு தட்டினாலும் உள்ளே தாழ் போட்டிருக்கிறது. ஆகவே அவளும் அவளைப் போன்ற ஒரு சிலரும் உப்புக்கழிச்சல் வார்டுக்குள் சாதாரணச் சேலையோடு போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் காலத்தில் இதற்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர், நோய் என்றார்கள். அரசாங்கம் ஒரே அரசாணையில் அதை வரம் ஆக்கிவிட்டது. நுரையீரலிலும் அதே வாயில்தான் என்பதையும், அங்கே ஈரம் சுரக்காமல் சளி கெட்டிப்பட்டு மூச்சை அடைக்கும் என்பதையும், கணையம் அடைத்துப் போவதால் வரம் பெற்றவர்கள் ஒரு வாய் சோற்றுக்குக் கை நிறைய மாத்திரை விழுங்கவேண்டும் என்பதையும் அரசாணை சொல்லவில்லை. காகிதத்தில் இடம் போதவில்லை போலும்.

அன்று விழா. வார்டுக்கு அரை நாள் விடுப்பு. நோயாளிகளுக்குத்தான் அந்த விடுப்பு பற்றித் தெரிவிக்கப்படவில்லை.

மேடைக்குப் பின்னாலிருந்த குளிர்அறையில் ஆணையர் தணிகைவேல் காத்திருந்தார். ஜெசிந்தா இருமினால் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்ளும் பண்பாளர்.

“வாங்கம்மா. நெஞ்சுப் பரிசோதனை முடிவு பார்த்தேன். நுரையீரல் கால்வாசிதான் வேலை செய்யுதாமே?”

“முக்கால்வாசி அரசுப் பணியில இருக்குதுங்கய்யா.”

அவர் சிரிக்கவில்லை. மேசைமீது ஒரு சிறிய நீலப் பெட்டியை வைத்தார். “திறவி.”

அவள் அதுவரை அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தாழ் போட்ட வாயிலைத் திறந்துவிடும் மாத்திரை. செய்த ஆலை மூழ்கிப்போனது, மருந்தும் அதோடு போயிற்று என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள்.

“கிடங்கு நிறைய இருக்கும்மா. விதிப்படி பணி ஓய்வு பெறும் பிறவித்தாழ்களுக்கு மட்டும்.”

“ஓய்வு நாப்பது வயசுலதான? எங்கள்ல யாரும் முப்பத்தஞ்சத் தாண்டலியே.”

“அதனால்தான் கிடங்கு நிறைய இருக்கு.” நியாயமான விஷயத்தை விளக்குகிறவரின் பொறுமையோடு சொன்னார். “சேவையில் இருப்பவருக்குக் கொடுத்தால் வாயில் திறந்துவிடும். வார்டுக்கு ஆள் இல்லாமல் போய்விடும். உங்களுக்கு மட்டும் இன்றே ஓய்வு தருகிறேன். மேடையில் அந்த ஜோடிகளிடம் இது எப்பேர்ப்பட்ட பெருமை என்று பேசவேண்டும். அவ்வளவுதான்.”

பெட்டியை அப்போதே அவள் கையில் கொடுத்தார். ஓடிவிடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். படி ஏறினாலே நின்று நின்று ஏறுகிறவள்.

அந்த ஜோடிகள் ‘இருதாழ்’ திட்டத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பழுதான மரபணு ஒன்றே ஒன்று உடையவனையும் உடையவளையும் தேடிப்பிடித்து அரசாங்கமே தாலி எடுத்துக் கொடுக்கும். நான்கு கருவில் ஒன்று பிறவித்தாழாக அமையலாம். அமைந்துவிட்டால் ஈரம் ஏறாத மேல்மாடியில் வீடு.

படியருகே ஒரு கர்ப்பிணிப் பெண் அவளை மறித்தாள். மகிழினி என்று பெயர் சொன்னாள். கையில் அல்வாப் பொட்டலம். “அக்கா, எங்க பிள்ளை முழுத்தாழாம். நேத்துதான் சொன்னாவ. எங்க மாமியார் தெருவுக்கே அல்வா குடுக்காவ. நீங்க ஒரு தடவ வயித்தத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

தொட்டாள். உள்ளே உதை கிடைத்தது.

மகிழினி குரலைத் தாழ்த்தினாள். “மூச்சு ரொம்ப முட்டுமாக்கா?”

“சேச்சே. கிணத்துக்குள்ள முங்கிக் கெடந்து ஒரு ஸ்ட்ரா வழியா மூச்ச உறிஞ்சுத மாதிரிதான். பழகிரும்,” என்றாள் ஜெசிந்தா. பகடி என்று நினைத்துத்தான் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்காமல் தலையாட்டி, அதை அப்படியே மனசில் குறித்துக்கொண்டதைப் பார்த்ததும், வாயில் வைக்கப்போன அல்வாவைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

இருந்தாலும் மேடை ஏறியபோது, சொல்லிக்கொடுத்ததைப் பேசிவிடுவது என்றுதான் இருந்தாள். தியாகி வேஷம் அவளுக்குப் பொருந்தாது. மூச்சு வேண்டும், அவ்வளவுதான். தொம்மையோடு படகில் போகும்போது ஒரு தடவையாவது சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவேண்டும். இருமல் குறுக்கே வந்து ஒவ்வொரு சண்டையிலும் அவன்தான் ஜெயிக்கிறான்.

“எனக்குக் கிடைச்ச இந்த வரம்…” என்று தொடங்கினாள். “ஒங்க பிள்ளைகளுக்கும் கிடைக்கதுல எனக்கு எவ்வளவு பெரு…”

இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றியபடி குனிந்து, கண் பிதுங்க, முகம் கறுக்க இருமினாள். ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்க இருமியது. கடைசியில் கைக்குட்டையில் துப்பியபோது கொஞ்சம் ரத்தமும் வந்தது.

கூட்டம் கைதட்டியது.

ஏழெட்டு வருடமாக அவள் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கைதட்டிப் பழகிய கூட்டம். முன்வரிசையில் ஆணையரும் தட்டினார், விரல் நுனிகளால். பின்வரிசையில் ஒருவன் சீட்டியே அடித்தான். ஜெசிந்தா வாயைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு மனுஷர்கூட எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது அவர்களுக்கு.

நீலப் பெட்டியை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தாள்.

“இது திறவி. அழிஞ்சு போச்சுன்னாவல்லா, பொய். கிடங்குல குமிஞ்சு கெடக்கு. பிறந்த அன்னைக்கே குடுத்தா இந்தப் பிள்ளைக என்னை மாதிரி இருமாது. எல்லாப் பிள்ளையும் மாதிரி மண்ணத் தின்னு, ஓடி விழுந்து, அம்மாகிட்ட அடி வாங்கும். ஆனா குடுக்க மாட்டாவ. ஏன்னா ஒங்களுக்கு வாளி தூக்க ஆள் வேணும்.” ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். “தண்ணி இல்லாமயே முழுங்குதேன். கைதட்டுங்க.”

யாரும் தட்டவில்லை. ஒலிபெருக்கி அணைந்தது. ஆனால் மகிழினிக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. “அப்ப எம்பிள்ளைக்கு?” என்று அவள் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். மகிழினியின் மாமியார் அல்வாப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை ஜெசிந்தாவின் நெஞ்சு உடைந்தது. வாயில் திறந்து ஈரம் பாய்ந்ததும், இத்தனை காலம் உறைந்து கிடந்ததெல்லாம் இளகிக் கிண்ணம் கிண்ணமாக வந்தது. செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத் தொம்மை எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. உடம்புக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. “இவ்வளவு நேரமா மாதாவக் கூப்பிடுத, டாக்டரக் கூப்பிடக் கூடாதா?” என்று கத்தினாள். தொம்மை அழுதுகொண்டே தோற்றுப்போனான்.

மறுநாள் எல்லாப் பிறவித்தாழ்களும் கிடங்கு வாசலில் நின்றார்கள். மகிழினியின் மாமியார் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வார்டில் நோயாளிகளைப் பார்க்க ஒருவரும் இல்லை என்று கேள்விப்பட்டு ஜெசிந்தா வார்டுக்குப் போனாள். காவலாளி மாசாணம் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

“யக்கா, உள்ள போகக் கூடாது. இப்ப நீங்களும் எங்கள மாதிரில்லா? ஒரு சொட்டு பட்டாலும் செத்துருவீங்க!”

அரசாங்க உடுப்புப் போட்ட ஒருவன், ஜெசிந்தா செத்துப்போவாளே என்று பதறியது அவள் ஆயுளில் அதுவே முதல் தடவை. கண்ணில் நீர் வந்தது. ஒரு வாயில் திறந்தாலும் திறந்தது, எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள்.

“டாக்டர்மாருக்குக் கவசச் சட்டைன்னு ஒண்ணு தச்சாவளே, எங்க?”

“அந்தா, மூலைல. ஆனா அதப் போட்டா அரை மணிக்கு மேல சூடு தாங்காது, ஆள் மயங்கிருவாவன்னுதான தூக்கிப் போட்டாவ?”

“அரை மணில நான் வெளிய வந்துருதேன்.”

“அதுக்கப்புறம்?”

“நீ.”

“நானா!” மாசாணம் கடலைப் பார்த்தான், மாடிகளைப் பார்த்தான். “எனக்கப்புறம் யாருக்கா?”

“இம்புட்டு லட்சம் பேர் உக்காந்து கை தட்டினாவல்லா. ஆளுக்கு அரை மணி நேரம் வராதா?”

சட்டையை உதறி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாசாணம் இன்னொன்றை எடுத்துத் தன் தொப்பைக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“யக்கா, இது எனக்குப் பத்தாது. மூச்சு முட்டும்!”

“முட்டட்டும், போடு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நான் முப்பது வருசம் அப்படித்தான் இருந்தேன்.”