மறுவாய்த் தேர்வு

சனிக்கிழமை காலை என்றால் பெய்ரூட்டின் மறுவாய் மன்றத்தில் கல்யாணக் கூட்டம்தான். ஏலக்காய்க் காப்பி விற்கும் தானியங்கி வண்டி வரிசைகளுக்கு நடுவே உருண்டுகொண்டிருந்தது. ஜோடிகள் சிரித்துக்கொண்டும், மாமியார்கள் விறைத்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். ருலாவின் கையில் மட்டும் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

இது அவளுக்கு மூன்றாவது, இந்த ஆண்டின் கடைசி வாய்ப்பு. தோற்றால் அடுத்த ஆண்டுதான். அவளை மணக்கவிருக்கும் எலியாஸோ கல்யாண மண்டபத்துக்கே சொல்லி வைத்துவிட்டான். மேகம் கறுத்து நின்றாலும் மழை வராது என்று சத்தியம் செய்கிற ஆள் அவன்.

சட்டம் எளிமையானது. நூறாண்டுக்கும் முன்பு இந்த நாடு மதவாரியாகப் பிரிந்து தன்னைத்தானே சுட்டுக்கொண்டது. அந்தப் போர் ஏன் மூண்டது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு கதை. ஆகவே மதம் தாண்டி மணம் முடிக்க, வீட்டுக்கு ஒருவர் எதிர்வீட்டாரின் கதையை அவர்களாகவே நின்று சொல்ல வேண்டும்; இதுதான் மறுவாய். கேட்பவர் மணிக்கட்டில் உணர்மானி இருக்கும். 'ஆமாம், எங்கள் மனசு இதுதான்' என்று அவருக்கு உள்ளே தோன்றினால் பச்சை, இல்லையேல் சிவப்பு. பொய்யாகத் தலையாட்டினால் அது மசியாது.

ருலா தெற்கத்தி ஷியா வீட்டுப் பெண். கேட்கப்போகிறவர் எலியாஸின் அம்மா தெரேஸ், மரோனியக் கிறிஸ்தவர். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். இங்கே மாமியார் மெச்சினால்தான் மருமகளே ஆக முடியும்.

முதல் முறை ருலா, மதவாரியாகத் தலை எண்ணிப் பிரித்த பதவிப் பங்கீடு, ஆயுதக் குழுக்கள், அண்டை நாடுகளின் கைவரிசை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சிவப்பு. "நல்லாத்தான் படிச்சிருக்கா. ஆனா எங்க வீட்டுல யாரும் புஸ்தகம் மாதிரி பேசமாட்டோம்" என்றார் தெரேஸ். இரண்டாம் முறை, "எங்களுக்குப் பேராசை" என்று தொடங்கியதுமே சிவப்பு.

இன்று காத்திருக்கும்போது தெரேஸ் கேட்டார்: "நீங்க குடிபோற தெருவுல எங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருப்பாங்க அத்தை."

சற்றுக் கழித்து மறுபடியும், "ஒரு குடும்பமாச்சும்?"

குறை சொல்லத்தான் கேட்கிறார் என்று ருலாவுக்கு எரிச்சல் வந்தது. பிறகுதான் அவர் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்குவதைப் பார்த்தாள். இந்த அம்மாளுக்குப் பயம்! இத்தனை நாளும் தான் மட்டுமே பயப்படுவதாக அவள் நினைத்திருந்தாள்.

அறைக்குள் போனதும் மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, தெரேஸாகவே நின்று பேசினாள். "நாங்க வர வரக் கம்மியாயிட்டே வந்தோம். பதவிய விட்டா நாளைக்கு ஊரையும் விட வேண்டி வரும்னு தோணுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பூட்டை மாத்தினா நம்மள நெனச்சுத்தான் மாத்துறான்னு பயந்தோம். தூக்கம் போச்சு. அப்புறம்தான் துப்பாக்கி வாங்கினோம்."

தெரேஸின் மணிக்கட்டில் உணர்மானி பச்சையானது.

எலியாஸ் துள்ளி எழுந்தான். "உக்காருடா, இனிமேதான் என் முறை" என்றார் தெரேஸ். அவரும் தேறினால்தான் திருமணம் பதிவாகும். உணர்மானி ருலாவின் கைக்கு மாறியது.

"எங்க ஊருக்கு ரோடு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, வரி மட்டும் உண்டு" என்று தெரேஸ் ருலாவின் வீட்டுக் கதையைத் தொடங்கினார். சிவப்பு. பச்சையாகிவிடு என்று ருலா உள்ளுக்குள் கெஞ்சினாள். அது கேட்கவில்லை.

தெரேஸ் நிறுத்தினார். குரல் இறங்கியது. "எங்கள அவங்க எண்ணவே இல்ல. எத்தனை பேருன்னு எண்ணினா அவங்க பதவி ஆடிடும். அதனால நாங்க இல்லவே இல்லன்னு நடிச்சாங்க. வீட்டுக்குள்ள நாம இருக்கும்போதே, இங்க யாருமில்லன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்?"

ருலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பச்சை வந்ததை எலியாஸ் சொல்லித்தான் அவள் பார்த்தாள்.

வெளியே நல்ல வெயில். தெரேஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு உங்க பக்கம் எத்தனை பேரு?"

ருலா தயங்கினாள். "முந்நூறு பேர் இருக்கும், அத்தை."

"எங்க பக்கம் எண்பதுதான்." தெரேஸின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"என்னடா நிக்கிற? மண்டபத்துக்குச் சொல்லி இன்னும் நாற்காலி போடச் சொல்லு!"